குடிக்காத மனிசன்

மார்ச் 3, திங்கள்

விடிய நல்ல மழை. ஒபிஸ் போய்ச் சேரக்குள்ள வெயில். நனைஞ்ச சாறி உடம்பிலேயே காஞ்சது.

இண்டைக்குச் செய்ய:
– சவளக்கடையில ஆடு குடுக்கிற ஆக்கள்ட லிஸ்ட். பதினொரு குடும்பம். ரெண்டு பேருக்கு ஒரே அடையாள அட்டை நம்பர். யாரோ பிழையா எழுதியிருக்கு. அனேகமா நான்.
– வெள்ளிக்கிழமை வெளிநாட்டு ஆக்கள் நாலு பேர். ஒரு கிழமை நிப்பாங்க. சாப்பாடு உறைப்பில்லாம.
– கடிதப் பெட்டி வந்திட்டு. பிரிக்கோணும்.
– அம்மாட முழங்காலுக்கு எண்ணெய். (மறந்திட்டன்.)

காலைச் செபத்தில பாஸ்டர் என்னை எழும்பச் சொன்னார். ஆட்டு லிஸ்ட் பிடிபட்டுப் போச்சு எண்டு பயந்திட்டன். பாத்தா, வெளிநாட்டுத் தலைமையகத்தில இருந்து ஈமெயில். நான் எழுதி அனுப்பின வினாயகபுரத்துக் குடும்பத்துக் கதை அவங்கட சஞ்சிகையில முதல் பக்கத்தில வந்திருக்காம். சனம் வாசிச்சு அழுததாம். "முக்கியமா அந்தப் பானை விசயம்" எண்டு எழுதியிருக்கிறாங்க. எல்லாரும் கை தட்டினாங்க.

"எஸ்தர் மிஸ்ஸுக்கு இது ஆண்டவர் குடுத்த வரம்" எண்டார் பாஸ்டர்.

சந்தோசம்தான். பொய் சொல்லி என்ன.

ஒம்பது வருசம் இந்த மிஷன்ல. அங்க ஒரு குடும்பம், இஞ்ச ஒரு ஏழைப் பிள்ளை. அங்க இருந்து கடிதம் வரும், இஞ்ச இருந்து பதில் போகும். ரெண்டுக்கும் நடுவில நான். இண்டைக்கு வரைக்கும் யாரும் கை தட்டினதில்ல.

அந்தக் குடும்பம்: தகப்பன் சிவலிங்கம். நிந்தவூர் ஹாஜியார் ஒருத்தர்ட போட்டில தண்டயல். போட்டக் கொண்டு போறதும் ஆக்களை நடத்துறதும் அவர்தான். தாய் புவனா. மகள் தர்சினி, பத்தாம் வகுப்பு, வினாயகபுரத்தில நாங்க நடத்துற இங்கிலிஸ் வகுப்பில முதல் ஆள். சின்னவன் ஒருத்தன். எப்ப போனாலும் தேத்தண்ணி குடிக்காம விட மாட்டாங்க.

வேன் ஓட்டுற நஸீர் நானாக்கு நோன்பு. பின்னேரம் மூணு மணிக்கு மேல அவர்ட வாயில இருந்து ஒரு சொல் வராது. எனக்கு அது வசதி.


மார்ச் 4, செவ்வாய்

வெக்கை. காரைதீவில ரோட்டோரம் முழுக்க நெல்லுக் காயுது. வேன் ஒரு பக்கத்தாலதான் போகும். நஸீர் நானா கோர்ன் அடிக்க மாட்டார். "காயப் போட்ட மனிசன் வெயில்ல நிக்கிறான், நமக்கென்ன, வேனுக்குள்ளதானே இரிக்கம்."

கடிதம் 41. பிள்ளைக்குக் குடுக்க முதல் ஒவ்வொண்டையும் நான் வாசிச்சுக் கையெழுத்து வெக்கோணும். அதான் சட்டம். பிள்ளைக்கு மனசு நோகிற மாதிரி ஏதும் இருந்தா நிப்பாட்டோணும்.

பதினேழு வாசிச்சன். பிறகு பாஸ்டர் கூப்பிட்டார். வரவேற்பு பனர்ல எழுத்துப் பிழை. பிறகு பூமாலை. பிறகு மினரல் வோட்டர். பிறகு வாற ஆக்களில ஒருத்தருக்குக் கோதுமை ஒத்துக்காது எண்டு ஒரு ஃபோன்.

மிச்சம் வாசிக்கேல்ல. எல்லாம் ஒரே மாதிரித்தானே. எங்கட நாய்க்குச் சுகமில்ல, இஞ்ச பனி, நல்லாப் படி. 41க்கும் கையெழுத்து வெச்சிட்டன்.

எண்ணெய் வாங்கினன்.


மார்ச் 6, வியாழன்

இதை எழுத விருப்பமில்ல. எழுதாட்டி நாளைக்கு வேற மாதிரி ஞாபகம் வெச்சிருப்பன். அதால எழுதுறன்.

வினாயகபுரம், மூணு மணி வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைகள். கடிதங்களக் குடுத்தன். தர்சினிக்கு வந்தது மூணு பக்கம். நீல மை, நடுங்கின எழுத்து. அவளப் பொறுப்பெடுத்த வெளிநாட்டு அம்மா வயசானவ, அங்க பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவ.

"மிஸ், நான் எல்லாருக்கும் வாசிச்சுத் தமிழ்ல சொல்லவா?"

"ஓம், முன்னுக்கு வா." நான்தான் சொன்னன். பெருமை எனக்கு. வரக்குள்ள ஏ பி சி தெரியாத பிள்ளை.

ஒரு வரி இங்கிலிசில வாசிப்பா. நிப்பாட்டுவா. தமிழ்ல சொல்லுவா. "இங்க இன்னும் குளிர்." "என்ட ரோசாச் செடி கருகிப் போயிற்று." "நீ கீறி அனுப்பின படத்தக் குசினியில ஒட்டியிருக்கன்." பிள்ளைகள் சிரிச்சாங்க. பிறகு அதே குரல்ல, அதே வேகத்தில:

"சஞ்சிகையில உங்கட கதைய வாசிச்ச நாளில இருந்து நானும் எங்கட சபையில எல்லாரும் ஒவ்வொரு நாளும் செபிக்கிறம். உன்ட அப்பா குடிக்கிறத விடோணும் எண்டு. இனி ஒரு நாளும் அவர் உங்கட பானைய..."

சொல்லி முடிச்ச பிறகுதான் அவளுக்கே கேட்டது. மொழிபெயர்க்கிற ஆளுக்கு அப்பிடி வரும், எனக்குத் தெரியும். வாய் முன்னால போகும், மனசு பின்னால வரும்.

பின் வரிசை வாங்கில இருந்து ஒருத்தன்: "டேய், தண்டயல் தண்ணி போடுறவராம்டா!"

சிரிப்பு. எல்லாரும் இல்ல. ஆனா காணும்.

தர்சினி கடிதத்த மடிச்சா. நாலா, பிறகு எட்டா. "மிஸ், இது வேற ஆருக்கோ வந்தது. மாறிப் போச்சு."

"ஓம் மகள். மாறியிருக்கும்."

அவள் உறையத் திருப்பி எனக்குக் காட்டினா. அவள்ட பேர். அவள்ட நம்பர். போய்த் தன்ட இடத்தில இருந்தா. வகுப்பு முடியிற மட்டும் கொப்பியில தலை குனிஞ்சபடி.

திரும்பி வரக்குள்ள கடற்கரை ரோட்டில பிள்ளைகள் ஓடிப் போறதக் கண்டன். வீட்டுக்கில்ல. கரைக்கு.


மார்ச் 7, வெள்ளி

விசிட்டர்ஸ் வந்தாங்க. ரெண்டு ஆம்பிளை, ரெண்டு பொம்பிளை. நல்ல மனிசர். வெயில்ல சிவந்து போய், ஆனாலும் எல்லாத்துக்கும் சிரிப்பு. ஒரு பொம்பிளை என்ட கையப் பிடிச்சுக்கொண்டு, நீதானே அந்தக் கதைய எழுதினது, அந்தக் குடும்பத்தப் பாக்க ஏலுமா எண்டு கேட்டா.

"தகப்பன் கடலுக்குப் போயிட்டார்" எண்டன்.

ஒம்பது வருசத்தில எவ்வளவோ சனத்துக்கு இப்பிடிச் சுருக்கமாச் சொல்லியிருக்கன். இண்டைக்குத்தான் சொல்லிப்போட்டு, மினரல் வோட்டர் எடுக்கிற சாட்டில அங்கால போயிட்டன்.

புவனாக்கு ரெண்டு தரம் ஃபோன் பண்ணினன். எடுக்கேல்ல.

சோறு மிச்சம். கோழி மிச்சமில்ல.


மார்ச் 8, சனி

காலையில நஸீர் நானா மோட்டச் சைக்கிள்ல வீட்டுக்கே வந்தார். உள்ளுக்கு வரேல்ல. கேற்றடியில நிண்டார்.

"ஹாஜியார் போட்டப் பறிச்சிட்டார் மிஸ்."

நேத்துக் கரையில மீன் ஏலம் போடக்குள்ள ஹாஜியார்ட மகன் நிண்டிருக்கான். யாரோ சிவலிங்கத்தப் பாத்துப் பகிடி விட்டிருக்காங்க. அவன் விசாரிச்சிருக்கான். வெள்ளக்காரன்ட புத்தகத்தில படத்தோட வந்திருக்கு எண்டு சொன்னாங்களாம். மகன் போய் வாப்பாட்டச் சொல்லிட்டான்.

"ஹாஜியார் என்ன சொன்னாராம்?"

"குடிகாரன்ட கையில போட்டக் குடுத்து அந்தக் காசத் திண்டா எனக்கு ஹறாம் எண்டாராம். அதுவும் நோன்பு மாசம்."

"அஞ்சு வருசம் அவரோட வேலை செய்த ஆள். ஹாஜியாருக்குத் தெரியாதா?"

"நானும் அதத்தான் கேட்டன். புத்தகத்திலயே அடிச்சிரிக்கி எண்டா சும்மாவா அடிச்சிருப்பான் எண்டாராம்." ஹெல்மட்டக் கழட்டிக் கையில எடுத்தார். "மிஸ், அவன் குடிக்கிறவனா?"

"தெரியா நானா" எண்டன்.

தெரியும்.

எப்பிடி நடந்தது எண்டு எழுதி வெக்கிறன். போன மாரியில தலைமையகம் நிரப்பச் சொல்லி அனுப்பின படிவம். "குடும்பத்தின் வறுமைக்குக் காரணம்" எண்டு ஒரு பெட்டி. முதல்தரம் எழுதினன்: இன்ஜின் பழுது, எண்ணெய் விலை, மாரியில மூணு மாசம் கடல் இல்ல. திரும்பி வந்தது. வாசிக்கிற ஆக்களுக்கு விளங்காதாம். ரெண்டாந்தரம் இன்னும் விரிச்சு எழுதினன். திரும்பி வந்தது. மனசத் தொடுற மாதிரி ஏதும் வேணுமாம். மூண்டாந்தரம் அவங்களே குடி எண்டு போட்டு

இல்ல. அவங்க ஒண்டும் போடேல்ல. நான் போட்டன். என்ட கையால. கால் மணித்தியாலத்தில எழுதி முடிச்சன், ஒரு வெட்டுக் கொத்து இல்லாம. திரும்பி வரேல்ல.


மார்ச் 9, ஞாயிறு

சேர்ச். விசிட்டர்ஸ் முன் வரிசை. பாஸ்டர் பிரசங்கத்தில அந்தக் கதையத் தமிழ்ல வாசிச்சார். பேர் சொல்லேல்ல, "நம்முடைய கடலோரத்தில் ஒரு குடும்பம்" எண்டு மட்டும்.

"அடுப்பிலே சோறு அரை அவியலாய் இருந்தது. தகப்பன் அதைச் சாக்கிலே கொட்டிவிட்டு, பானையைக் கொண்டுபோய் விற்றுக் குடித்தான். தாய் அந்தச் சோற்றை அள்ளி, மண்ணெண்ணெய்த் தகரத்திலே மறுபடி அவித்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள்."

அம்மா எனக்குப் பக்கத்தில. பாட்டுப் புத்தகத்தால விசிறிக்கொண்டிருந்தவ. விசிறினது நிண்டிட்டு.

வீட்டுக்கு வந்தம். குசினியில பலகையில இருந்து வெங்காயம் உரிச்சா. நான் தண்ணி குடிக்கப் போகக்குள்ள:

"சாக்கு இல்ல. பாய்."

"என்னம்மா?"

"சோத்தக் கொட்டினது பாயில. நீ சாக்கு எண்டு எழுதியிருக்காய்."

நான் கோப்பையக் கையில வெச்சுக்கொண்டு நிண்டன்.

"நம்மட வீட்டில நடந்ததக் கொண்டுபோய் ஆர்ர தலையில கட்டினாய்?"

சொன்னன். சிவலிங்கம், போட், ஹாஜியார், எல்லாம்.

அப்பா இருபது வருசம் அந்தச் சேர்ச்சில உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி, செத்த வீட்டில செபம், வருத்தக்காரருக்குச் செபம். வெளியில ஒரு ஆள் அவரக் குடிச்சுக் கண்டதில்ல. தூரத்தில போய்க் குடிச்சிட்டுப் பின்பக்கத்தால வருவார். அம்மாக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சேர்ச் ஹோல்ல அவர்ட படம் இருக்கு.

அம்மா கத்துவா எண்டு நினைச்சன். கத்தேல்ல. வெங்காயத்த உரிச்சு முடிச்சா. பிறகு, "நான் இவ்வளவு காலம் மூடி வெச்சது, நீ வெள்ளக்காரருக்கு வித்துக் கைதட்டு வாங்கவா?" எண்டு கேட்டா.

மத்தியானம் ரெண்டு பேரும் சாப்பிடேல்ல.


மார்ச் 11, செவ்வாய்

பாஸ்டரிட்டச் சொன்னன். கதவச் சாத்திப் போட்டு. அந்த மனிசன் குடிக்கிறவர் இல்ல, நான் எழுதினது பொய், ஒரு திருத்தம் அனுப்போணும் எண்டு. அப்பாவப் பத்திச் சொல்லேல்ல.

பாஸ்டர் கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சார். கெட்ட மனிசன் இல்ல அவர். வெள்ளத்துக்குள்ள இடுப்பளவு தண்ணியில அரிசி சுமந்தத நானே கண்டிருக்கன்.

"எஸ்தர் மிஸ், முதல் பக்கத்தில வந்தது. அத வாசிச்சிட்டுத்தான் புதுசா எத்தனையோ குடும்பம் பிள்ளைகளப் பொறுப்பெடுத்திருக்கு. இப்பப் போய்ப் பொய் எண்டா, மத்தப் பிள்ளைகளிட கதையையும் நம்புவாங்களா? சவளக்கடை ஆடு வருமா? ஒரு வரிக்காக இவ்வளவு பிள்ளைகளையும் கடல்ல போடச் சொல்லுறீங்களா?"

"அந்த ஒரு வரியால ஒரு மனிசன்ட தொழில் போயிற்று பாஸ்டர்."

யோசிச்சார். மெய்யாவே யோசிச்சார். பிறகு முகம் தெளிஞ்சது.

"அவர் குடிக்கிறேல்லத்தானே?"

"இல்ல."

"அப்ப, குடிக்கிறத விட்டுட்டார் எண்டு ஒரு கதை போடலாமே. செபம் கேட்கப்பட்டது எண்டு. இப்ப அவர் குடிக்கிறேல்ல, அது உண்மைதானே?"

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கினன். அவர் பகிடிக்குச் சொல்லேல்ல.

"யோசிச்சுச் சொல்லுங்க" எண்டார்.


மார்ச் 13, வியாழன்

வகுப்புக்கு முதல் சிவலிங்கம் வீட்டுக்குப் போனன். புவனா வேலியடியில. படலையத் திறக்கேல்ல.

"கரையில நிக்கிறார். போய்ப் பாருங்க. படம் எடுக்கிறெண்டாலும் எடுங்க."

கரைவலை இழுக்கிற ஆக்களோட கூலிக்கு நிண்டார். தண்டயல். பள்ளிக்கூடம் விட்டு வந்த பொடியன்களுக்குப் பின்னால கயிறு பிடிச்சுக்கொண்டு. வலை கரைக்கு வந்து சேருமட்டும் நிண்டன். மணல் கொதிச்சது. கூனி றாலும் கொஞ்சம் கீரி மீனும். பெரிசா ஒண்டும் இல்ல.

"நான் எழுதினது பொய். மன்னியுங்க" எண்டன். வழி முழுக்க வேற மாதிரிச் சொல்லப் பாடமாக்கினது. இதுதான் வந்தது.

அவர் கயிறு அறுத்த உள்ளங்கையப் பாத்துக்கொண்டு கேட்டார். "எழுதக்குள்ள என்ட முகம் ஞாபகம் வந்ததா மிஸ்?"

வரேல்ல. வந்தது வேற முகம். அதைச் சொல்லேல்ல.

"எங்கட அப்பா குடிச்சுத்தான் செத்தவர்" எண்டார் அவர். "ஊருக்கே தெரியும். இந்தக் கரையிலதான் விழுந்து கிடப்பார், நான்தான் தூக்கிக்கொண்டு போற. அதுக்காகவே நான் வாயில வெக்கேல்ல. கலியாண வீட்டில கூட." எவ்வளவு லேசாச் சொன்னார். ஊருக்கே தெரியும் எண்டு. "அவர்ட மகன் எண்டு சொல்லி முதல்ல ஒருத்தரும் எனக்குப் போட் தரேல்ல. ஹாஜியார்தான் நம்பித் தந்தவர்."

"தர்சினி?"

"கதைக்கிறாளில்ல. சோத்தப் போட்டுத் தருவாள், முகத்தப் பாக்க மாட்டாள்."

பிறகு: "ஹாஜியார்ட்ட வந்து இதை உங்கட வாயால சொல்லுவீங்களா?"

"ஓம்."

"எப்ப?"

"நாளைக்கு ஏலாது. விசிட்டர்ஸ் போறாங்க, ஏத்தி விடோணும். சனிக்கிழமை கட்டாயம்."

"சனிக்கிழமை" எண்டார். திரும்பக் கயிற்றடிக்குப் போயிட்டார்.

வகுப்பில தர்சினிட இடம் வெறுமை. பிள்ளைகள் அந்த இடத்தில பைகளப் போட்டிருந்தாங்க.


மார்ச் 14, வெள்ளி

விசிட்டர்ஸ ஏத்தியாச்சு. கட்டிப் பிடிச்சு அழுதாங்க. ஒரு பொம்பிளை தன்ட தொப்பிய எனக்குத் தந்தா. நான் எங்க போட்டுக்கொண்டு போற?


மார்ச் 15, சனி

நிந்தவூர். நஸீர் நானா கூட்டிக்கொண்டு போனார். லீவு நாள், ஆனாலும் வந்தார்.

ஹாஜியார் வெள்ளைத் தொப்பி, மெலிஞ்ச மனிசன். கதிரை போட்டு இருத்தினார். வீட்டில எல்லாருக்கும் நோன்பு, ஆனா உள்ளுக்கு இருந்து எனக்கு மட்டும் தேத்தண்ணி வந்தது. வேணாம் எண்டாலும் கேக்கேல்ல. நோன்பு பிடிச்ச ஹாஜியார், மகன், நஸீர் நானா மூணு பேருக்கும் முன்னால நான் தேத்தண்ணியோட.

"சிவலிங்கம் விசயமா வந்தன் ஹாஜியார்."

"அது முடிஞ்சிதே மிஸ்" எண்டார் சந்தோசமா. "நேத்து அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தான். பள்ளிவாசல் கேற்றடியில எவ்வளவு நேரம் நிண்டானோ தெரியா. 'ஹாஜியார், பிழை விட்டுட்டன், இனித் தொடமாட்டன்' எண்டு அவன்ட கோயில் மேல சத்தியம் பண்ணினான். கண்ணால தண்ணி. நோன்பு மாசம், ஒருத்தன் திருந்தி வந்தா விடலாமா? வா எண்டுட்டன்."

தேத்தண்ணிய வெச்சிட்டன்.

"அவர் ஒரு நாளும் குடிச்சதில்ல. புத்தகத்தில வந்தது நான் எழுதின பொய்."

ஹாஜியார் என்னை இரக்கமாப் பாத்தார். "நீங்க நல்ல மனிசி. அவனக் காப்பாத்தப் பாக்குறீங்க. வாணாம் மிஸ். அவனே ஒத்துக்கிட்டான்."

"போட்டு வேணும் எண்டு ஒத்துக்கிட்டிருக்கார்."

"செய்யாத பிழைய ஆரும் ஒத்துக்குவானா? அதுவும் அழுது?" அவருக்கு அது விளங்கவே இல்ல. நான் திரும்பத் திரும்பச் சொன்னன். கடைசியில சொன்னார்: "சரி, இப்ப ஒரு மாசம் சும்மா ஆளாப் போகட்டும். வேற தண்டயல் போட்டிரிக்கன். பாத்திட்டுப் பிறகு குடுப்பம்." வாசல் மட்டும் வந்து வழியனுப்பினார். "உங்கட ஆக்கள் நல்ல வேல செய்யுறாங்க. இவ்வளவு காலம் கூட இரிந்தும் எங்களுக்கு இது தெரியாமப் போயிற்றே."

ஒலுவில் சந்தி தாண்டினாப் பிறகு நஸீர் நானா வேன மெதுவாக்கினார். நான்தான் வினாயகபுரம் போகச் சொன்னது. பிறகு:

"ஒண்டு செல்லுறன், கோவிக்கப்படா. நீங்க நேத்துக் காலையில வந்திருந்தா அவன் நேத்துப் பின்னேரம் வந்திரிக்க மாட்டான்."

"ஓம் நானா."

சிவலிங்கம் வீட்டில இல்ல. கடலுக்குப் போயிட்டார். தன்ட போட்டில, வேற ஒருத்தனுக்குக் கீழ. புவனா சொன்னா: "அவர் சொல்லச் சொன்னவர். இனி ஆருக்கும் ஒண்டும் சொல்ல வேணாமாம். சொன்னா, ஹாஜியார ஏமாத்தினது எண்டு வருமாம்."


மார்ச் 17, திங்கள்

எப்பிடியோ பாஸ்டருக்குத் தெரிஞ்சிட்டு. "பாத்தீங்களா, அவரே போய் முதலாளியிட்டச் சத்தியம் பண்ணியிருக்கார்! நாங்க கதை ஒண்டும் கட்டத் தேவையில்ல." தமிழ்ல எழுதி வெச்சிருந்தார், ஒண்டரைப் பக்கம். தலைப்பு: செபம் கேட்கப்பட்டது. என்னை இங்கிலிசில போடச் சொன்னார்.

போட்டன்.

ஏன் எண்டு இதில எழுத ஏலாது. வீட்டு வாடகை, அம்மாட மருந்து, எல்லாம் உண்மை. அது காரணமா எண்டு தெரியா. நாப்பத்திரண்டு வயசில வேற வேலை யார் தருவா எண்டு யோசிச்சுக்கொண்டே போட்டன். நல்லாவும் வந்தது. பாஸ்டர் ஒரு சொல் மாத்தேல்ல.

சவளக்கடை ஆட்டு லிஸ்ட் முடிஞ்சிது. பிழை நான்தான் விட்டது.


மார்ச் 18, செவ்வாய்

புழுக்கம், மழை வராது.

திருக்கோவில் பஸ் ஹோல்ட்ல தர்சினி. பள்ளிக்கூட உடுப்பு, தனிய. என்னைக் கண்டு அங்கால போவா எண்டு நினைச்சன். நேர வந்தா. வேன நிப்பாட்டி இறங்கினன்.

"மிஸ், ஒண்டு கேக்கவா?"

"கேள் மகள்."

"அப்பா ஹாஜியார்ட்டச் சத்தியம் பண்ணினவராம். அப்ப முந்திக் குடிச்சிருக்கார்தானே? எங்களுக்குத் தெரியாம?"

"இல்ல."

"அம்மாவும் இல்ல எண்டுதான் சொல்லுறா. அப்பாட்டக் கேட்டன். 'போட்டுக் கிடைச்சிட்டு, விடு' எண்டுறார். இல்லையெண்டு சொல்லுறாரில்ல."

"நான் எழுதினது மகள். பொய். அவர் சத்தியம் பண்ணினது உங்களுக்குச் சாப்பாடு போட."

"ஏன் எழுதினீங்க?"

"நல்ல கதை கேட்டாங்க."

யோசிச்சா. அவள் கடிதம் வாசிச்ச நாளில இருந்து இதைத்தான் யோசிச்சிருக்கா. "அப்ப அந்தப் பானை? அதுவும் நீங்க யோசிச்சு எழுதினதா?"

இல்லையெண்டு சொல்ல இருந்தன். ஓம் எண்டு சொல்லவும் இருந்தன். அக்கரைப்பற்று பஸ் வந்து நிண்டது. அவள் ஏறேல்ல. பஸ் போயிட்டு.

"அது எங்கட வீட்டில நடந்தது. குடிச்சது என்ட அப்பா."

இதை நான் முதல்தரம் ஒரு ஆளுக்குச் சொன்னது. பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு, பஸ் ஹோல்ட்ல, ரோட்டுத் தூசுக்குள்ள.

தர்சினி என்னைப் பாத்தா. கோவமில்ல. வகுப்பில பக்கத்துப் பிள்ளை விட்ட பிழையத் திருத்துவாளே, அதே குரல்.

"அப்ப உங்கட அப்பாட பேரையே போட்டிருக்கலாமே மிஸ்."


மார்ச் 20, வியாழன்

வெயில். காத்து ஒரு சொட்டில்ல.

வகுப்பு. பத்தொம்பது பிள்ளைகள். தர்சினி வரேல்ல. வருவா எண்டும் நினைக்கேல்ல.

புத்தகம் திறக்க முதல் சொன்னன். தர்சினிக்கு வந்த கடிதத்தில இருந்த குடி விசயம் பொய். எழுதினது நான். சிவலிங்கம் மாமா ஒரு நாளும் குடிச்சதில்ல. குடிச்சது என்ட அப்பா. பேர் ஞானமுத்து. கல்முனையில உபதேசியாரா இருந்தவர்.

முழுப் பேரையும் சொன்னன்.

பிறகு பின் வாங்கில அண்டைக்குக் கத்தினவன் கை உயர்த்தினான்.

"அப்ப மிஸ் பொய் சொன்னீங்களா?"

"ஓம்."

"வெள்ளக்காரருக்குமா?"

"அவங்களுக்கும்."

"அவங்க கோவிச்சு வகுப்ப நிப்பாட்டுவாங்களா?"

"தெரியாடா."

"நீங்களே சொல்லுறதா, இல்ல நாங்க சொல்லுறதா, தர்சினிட்ட?"

"அவளுக்குத் தெரியும். நீங்க கரையில சொல்லுங்க. அண்டைக்குப் போய்ச் சொன்னீங்களே, அதே ஆக்களிட்ட."

தலையாட்டினாங்க. சொல்லுவாங்களோ தெரியா. அண்டைக்கு ஓடினாங்க. இண்டைக்கு வகுப்பு முடிய நடந்துதான் போனாங்க, ரெண்டு பேர் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால.

வகுப்பு நடக்கிற ஹோல்ட சாவி வெச்சிருக்கிற டீச்சர் வாசல்ல நிண்டு முழுக்கக் கேட்டா. எங்கட சேர்ச் ஆள். அப்பாதான் அவட தாய்ட செத்த வீட்டில செபம் பண்ணினவர். பூட்டக்குள்ள என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல. கேற்றடிக்குப் போக முதலே ஃபோனக் காதில வெச்சிட்டா.

நாளைக்குப் பாஸ்டர் கூப்பிடுவார். அது பரவாயில்ல. அம்மாக்கு இன்னும் சொல்லேல்ல.

அம்மா உள்ளுக்கு அலுமாரியத் திறந்து வெச்சுக்கொண்டு நிக்கிறா. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்கு நீலச் சாறியா, மண்ணிறச் சாறியா எண்டு கேக்கிறா. ரெண்டு தரம் கேட்டுட்டா.